டீசல் கார் ஆயிலுக்கு மணிக்கணக்கு

டிராக்டர் வாங்க வருகிறவர் "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்று கேட்பதில்லை. "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" என்றுதான் கேட்பார். நாள் முழுக்கச் சேற்றுழவு ஓட்டினாலும் டிராக்டர் கடக்கும் தூரம் சொற்பம். இன்ஜின் உழைத்ததோ எட்டு, பத்து மணி நேரம். அதனால் விலை பேசும்போதும் சரி, ஆயில் மாற்றும்போதும் சரி, மணி மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் போர்வெல் வண்டிகளில் கம்ப்ரசரைச் சுழற்றும் இன்ஜினுக்கும், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டருக்கும் இதே முறைதான். இவை எல்லாமே டீசல் இன்ஜின்கள். அதே டீசல் இன்ஜின் காருக்குள் வந்து உட்கார்ந்ததும் கணக்கு கிலோமீட்டருக்கு மாறிவிடுகிறது. பெரும்பாலான கார்களுக்கு அது 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. அந்த 10,000 என்ற எண்ணை எல்லோரும் ஒரே மாதிரி பின்பற்றுவதால் சிலருடைய இன்ஜின் வீணாகத் தேய்கிறது, சிலருடைய நல்ல ஆயில் வீணாகக் கொட்டப்படுகிறது. எந்தக் கார் எந்தப் பக்கம் என்பதை உரிமையாளர் தானே கணக்கிட்டுவிடலாம். அதற்கு மெக்கானிக் அறிவு தேவையில்லை.

ஒரே மாடலில் இரண்டு டீசல் கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று போரூரிலிருந்து தரமணிக்கு அன்றாடம் அலுவலகம் போய்வருகிறது. கத்திப்பாராவில் நின்று, வேளச்சேரியில் ஊர்ந்து போகிற அந்தக் காருக்குச் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைப்போம். இன்னொன்று வாரந்தோறும் திருச்சிக்கும் சென்னைக்கும் நான்குவழிச் சாலையில் ஓடுகிறது. அதன் சராசரி 70. மீட்டரில் 10,000 கிலோமீட்டர் கூடுவதற்குள் முதல் காரின் இன்ஜின் 500 மணி நேரம் ஓடியிருக்கும், இரண்டாவது 143 மணி நேரம். மூன்றரை மடங்கு வித்தியாசம். டிராக்டர்களில் பொதுவாக 250 மணி நேரத்தை ஒட்டி ஆயில் மாற்றுகிறார்கள். டிராக்டரின் சுமையும் அதில் ஊற்றும் ஆயிலின் அளவும் வேறு என்பதால் அந்த எண்ணை அப்படியே காருக்குத் தூக்கி வைக்க முடியாது. ஆனாலும் 500 எங்கே, 143 எங்கே என்று பார்ப்பதற்கு அது ஒரு அளவுகோல்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். சிக்னலில் நிற்கும் இன்ஜின் சும்மா துடித்துக்கொண்டிருக்கிறது, நெடுஞ்சாலையில் ஓடும் இன்ஜின் சுமை இழுக்கிறது. இரண்டு மணி நேரங்களும் எப்படிச் சமமாகும்? சமமாகாதுதான். அப்படியானால் எரிந்த டீசலைக் கணக்கிடுவோம். ஆயிலில் வந்து சேரும் கரியும் அமிலமும் எரியும் டீசலிலிருந்துதானே பிறக்கின்றன? நகரத்துக் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 10,000 கிலோமீட்டருக்கு 833 லிட்டர் எரிக்கும். லிட்டருக்கு 20 கொடுக்கும் நெடுஞ்சாலைக் கார் 500 லிட்டரில் முடித்துவிடும். இந்தக் கணக்கில் வித்தியாசம் மூன்றரை மடங்கிலிருந்து ஒன்றே முக்கால் மடங்குக்கும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு கார்களுக்கும் ஒரே கெடு என்பது பொருந்தவில்லை. தவிர, நகரத்துக் காருக்கு இந்த இரண்டு கணக்கிலும் அகப்படாத இன்னொரு தொல்லை இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆயில் தேய்ந்துபோவதில்லை, அழுக்கேறிப்போகிறது. பிசுக்கும் வழுக்கும் தருகிற அடிப்படை எண்ணெய், குறிப்பாக சிந்தெட்டிக் வகை, நெடுங்காலம் தாங்கும். அதோடு கலந்திருக்கும் வேதிப்பொருள்கள்தான் முதலில் தீர்கின்றன: கரியைப் பிரித்து மிதக்க வைப்பவை, அமிலத்தை முறிப்பவை, உலோகத்தின் மேல் படலமாக ஒட்டித் தேய்மானத்தைத் தடுப்பவை. 5,000 கிலோமீட்டரில் மாற்றியே தீர வேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதன் வேர் இங்கேதான். 1990களின் தொடக்கத்தில் நம் பெட்ரோல் பங்க்குகளில் விற்ற டீசலில் கந்தகம் 10,000 பிபிஎம் வரை, அதாவது ஒரு சதவீதம் வரை இருக்கலாம். அது எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகி ஆயிலில் இறங்கும். அதை முறித்து முறித்தே ஆயிலின் காரம் தீர்ந்துபோகும். 2017 ஏப்ரலில் பிஎஸ்4 மாசு விதி நாடு முழுக்க வந்தபோது கந்தகம் 50 பிபிஎம் ஆனது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது 10 ஆனது. ஆயிரத்தில் ஒரு பங்கு. அன்றைய டீசலுக்கு 5,000 என்ற விதி சரியான விதி. அந்த எதிரி போய்விட்ட பிறகும் விதி மட்டும் பட்டறைகளில் தங்கிவிட்டது.

விதி தங்கியதற்கு இன்னொரு காரணம் நிறம். டிப்ஸ்டிக்கை உருவி, கறுத்த ஆயிலை விரலில் தேய்த்துக் காட்டி, "பாருங்க சார், கெட்டுப்போச்சு" என்றால் யார்தான் மறுப்பார்கள்? ஆனால் டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிச் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே, சில கார்களில் அன்று மாலையே, புது ஆயில் கறுத்துவிடும். பழைய ஆயில் எவ்வளவு வடித்தாலும் இன்ஜினின் சந்து பொந்துகளில் கொஞ்சம் தங்கும். அதில் இருக்கும் கரி புதியதையும் கறுப்பாக்கிவிடும். துணி துவைத்த சோப்புத் தண்ணீர் கறுப்பது சோப்பு வேலை செய்ததற்கு அடையாளம், இதுவும் அப்படித்தான். கரித்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. அவை தனித்தனியாக மிதக்கும்வரை ஆபத்தில்லை. ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, ஆயில் படலத்தின் கனத்துக்கு வளரும்போதுதான் உலோகத்தை உரசத் தொடங்குகின்றன. கரி எவ்வளவு என்பதைவிட அது மிதக்கிறதா, திரள்கிறதா என்பதே முக்கியம். நிறம் இதைச் சொல்லாது.

ஓரளவு சொல்லக்கூடியது ஒரு வடிதாள். சூடான இன்ஜினை நிறுத்தி, டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டை வெள்ளை வடிதாளின் நடுவில் விட்டு, தாளின் அடி எதிலும் படாமல் ஒரு டம்ளர் வாயின் மேல் வைத்துச் சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். கரியை மிதக்க வைக்கும் சக்தி ஆயிலுக்கு இன்னும் இருந்தால், கறை நடுவிலிருந்து ஓரம்வரை சீராக மங்கிக்கொண்டே பரவும். சக்தி போய்விட்டால் கரி நடுவிலேயே கூர்மையான விளிம்போடு கறுப்பு வட்டமாக நின்றுவிடும், எண்ணெய் மட்டும் தனியே விலகி வெளிறிய வளையமாகப் படரும். ரயில்வேயின் டீசல் ஷெட்டுகளில் இன்ஜின் ஆயிலை மாதிரி எடுத்து, அதில் இரும்பு, செம்பு, சிலிக்கான் எவ்வளவு என்று கருவி வைத்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். அந்த நுட்பத்துக்கு முன்னால் வடிதாள் குழந்தை விளையாட்டுதான். ஆனால் விரலில் தேய்த்துப் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இப்போது அந்தத் தொல்லை. பிஎஸ்6 டீசல் கார்களின் புகைக்குழாய் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியைச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை கார் தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். எரிய வேண்டுமானால் அங்கே 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க, பல இன்ஜின்களில் வெடிப்பு முடிந்த பிறகு சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீச்சுகிறார்கள். அது அங்கே எரியாமல் புகையோடு போய் வடிகட்டியைச் சூடேற்ற வேண்டும் என்பது திட்டம். ஆனால் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் பட்டு, ரிங்கைத் தாண்டி வழிந்து, கீழே சம்ப்பில் இருக்கும் ஆயிலோடு கலந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் இந்தச் சுத்தம் கால் மணி, இருபது நிமிடத்தில் ஒரே மூச்சில் முடிந்துவிடும். நகரத்தில் பாதியில் வண்டியை நிறுத்துகிறோம். மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, மறுபடி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் டீசல் கீழே இறங்குகிறது. பெட்ரோலாக இருந்தால் சூடான ஆயிலிலிருந்து பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். டீசலின் கொதிநிலை 180 டிகிரியில் தொடங்கி 360 வரை போகிறது. 100 டிகிரியை ஒட்டி நிற்கும் ஆயிலில் அது எங்கே ஆவியாவது? தங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போகும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு, அந்த நீர்த்த படலத்தின் மேல்தான் மிதந்தாக வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி டிப்ஸ்டிக்தான். ஆயில் அளவு குறைகிறதா என்று பார்க்கப் பழகிய நமக்கு, கூடுகிறதா என்று பார்க்கத் தோன்றுவதில்லை. சமதளத்தில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் ஆயில் கீழே இறங்க விட்டு, டிப்ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை போதும். மாற்றியபோது மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்த மட்டம், யாரும் ஊற்றாமலேயே மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், ஏறியது டீசல் என்றே எடுத்துக்கொள்ளலாம். முகர்ந்தாலும் தெரியும். "ஆயில் குறையவே இல்லை, நல்ல இன்ஜின்" என்று மகிழ்கிறவர்களில் சிலர் பார்ப்பது ஆயில் எரிந்த இடத்தை டீசல் நிரப்பிய மட்டமாகவும் இருக்கலாம். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் என்ன, மாதம் என்ன என்று பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். மட்டம் மிகவும் ஏறினால் ஆயில் மூச்சுக்குழாய் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் இன்ஜின் தன் ஆயிலையே எரித்து வெறிகொண்டு ஓடும் விபரீதமும் நடக்கலாம்.

"கம்பெனி எஞ்சினியர்களுக்குத் தெரியாததா? அவர்கள் பரிசோதித்துத்தானே 10,000 என்று போட்டிருக்கிறார்கள்?" என்பது வலுவான ஆட்சேபம். அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த எண்ணுக்குச் சில பக்கங்கள் தள்ளி இன்னோர் அட்டவணையும் அச்சிட்டிருக்கிறார்கள். கடுமையான பயன்பாடு என்ற தலைப்பில் குறுந்தூர ஓட்டம், நெரிசல், புழுதிச் சாலை, மலைப்பாதை, பாரம் இழுத்தல் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுக்குக் கெடுவைச் சுருக்கச் சொல்வார்கள். பல கார்களில் சரிபாதியாக. சென்னையிலோ கோவையிலோ தினமும் ஓடும் கார் அந்தப் பட்டியலில் இரண்டு மூன்றுக்காவது பொருந்தும். அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள்தான் குறைவு. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் தன் 507 00 தர ஆயிலுக்கு 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டாண்டு வரை இடம் கொடுத்ததை எடுத்துக்காட்டி, சிந்தெட்டிக் ஊற்றினால் நாமும் நீட்டலாம் என்பவர்கள் உண்டு. அங்கே ஓட்டும் விதத்தைக் கணினி கவனித்துக் கெடுவைக் கூட்டிக் குறைத்தது; 30,000 என்பது அதன் உச்சவரம்பு. அதே நிறுவனம் இந்தியாவில் விற்ற டீசல் கார்களுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றுதான் வைத்தது. சிந்தெட்டிக்காக இருந்தாலும் உள்ளே இறங்கிய டீசலை அது வெளியே தள்ளாது.

அப்படியானால் எல்லோரும் 5,000த்தில் மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று தோன்றலாம். நெடுஞ்சாலைக் காருக்கு அது வீண். 70 மணி நேரத்தைச் சற்றே தாண்டிய, டீசல் கலக்காத, காரம் தீராத நல்ல ஆயிலை ஐந்து லிட்டர் வடித்துவிட்டு, சில ஆயிரம் ரூபாய் கொடுத்து இன்னொரு ஐந்து லிட்டர் ஊற்றுவதில் இன்ஜினுக்கு லாபம் எதுவும் இல்லை. என் கணிப்பைச் சொல்கிறேன். காரின் திரையில் சராசரி வேகம் காட்டும் வசதி இருந்தால், ஆயில் மாற்றும் அன்று அதைப் பூஜ்யமாக்கிவிட்டு நீண்ட நாள் கவனியுங்கள். 45க்கு மேல் நின்றால் கம்பெனி சொன்ன கெடுவை முழுதாக நம்பலாம். 25க்குக் கீழே என்றால் பாதி. நடுவில் இருந்தால் முக்கால். திரையில் இல்லாதவர்கள் பங்க் ரசீதுகளில் உள்ள லிட்டர்களைக் கூட்டி, மேலே சொன்ன டீசல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்: லிட்டருக்கு 12ஐ ஒட்டி நின்றால் நகரத்துக் கார், 20ஐ ஒட்டி நின்றால் நெடுஞ்சாலைக் கார். எந்தக் காரணத்துக்காகவும் கம்பெனி கெடுவைத் தாண்ட வேண்டாம். வாரன்டி அதோடு கட்டப்பட்டிருக்கிறது. மணிக்கணக்கு கெடுவைச் சுருக்குவதற்கு மட்டும்தான். வருடத்தில் 3,000 கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கும் ஓராண்டுக் கெடு பொருந்தும். குறுகிய ஓட்டங்களில் ஆயில் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடுவதால் உள்ளே சேர்ந்த ஈரமும் அமிலமும் வெளியேற வழியில்லாமல் கிடக்கும்.

எந்த ஆயில் என்பதில் பலரும் பார்ப்பது 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்ற எண்களை. "நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்ற பேச்சும் கூடவே வரும். வெயில் 42 டிகிரி ஆனாலும் ஓடும் இன்ஜினின் சூடு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தெர்மோஸ்டாட், ஊர் அல்ல. குளிரே இல்லாத ஊரில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண்ணுக்கு என்ன வேலை என்றால், காலையில் கிளப்பும்போது அது கொஞ்சம் வேலை செய்யும்: 40 டிகிரியில்கூட 15டபிள்யூ-40 ஆயில் 5டபிள்யூ-30ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கெட்டி, டர்போவை எட்டக் கூடுதல் நேரம் எடுக்கும். கையேடு எதைச் சொல்கிறதோ அதுவே போதும். அதைவிட முக்கியம் கேனின் பின்பக்கத்துப் பொடி எழுத்து. டிபிஎஃப் உள்ள காருக்கு ஏசிஇஏ சி2, சி3 போன்ற சாம்பல் குறைந்த தரம் எது கேட்கப்பட்டிருக்கிறதோ அதுதான் வேண்டும். சி3 தரத்தில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. லாரிகளுக்கான பழைய சிஐ-4 ஆயில்களில் அது பொதுவாக ஒரு சதவீதத்துக்கு மேல். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. ஆயிலில் மிச்சம்பிடித்த பணத்தைப் பல மடங்காக டிபிஎஃப் வாங்கிக்கொள்ளும். பழைய கார்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா எனப் பல கார்களில் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பதே ஆயிலின் அழுத்தம்தான். அழுக்கு ஆயிலோடு ஓட்டினால் செயின் முதலில் சத்தம் போடும், பிறகு செலவு வைக்கும்.

மாற்றும் முறையில் அதிக மர்மமில்லை, அவசரம்தான் கெடுக்கிறது. ஆயில் சூடாக இருக்கும்போது வடித்தால் கரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். கொதிக்கும்போது அல்ல, கை பொறுக்கும் சூட்டில். சம்ப் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் குபுகுபுவெனக் கொட்டும், பிறகு நூலாகும், பிறகு சொட்டும். நூலான உடனே போல்ட்டைப் பூட்டிவிடும் பட்டறைகள் நிறைய. பத்து நிமிடம் கூடுதலாகச் சொட்ட விட்டால் போதும். அலுமினிய சம்ப்பில் போல்ட்டைக் கண்மூடித்தனமாக முறுக்கினால் மறை போய்விடும், அதன்பின் சொட்டு நிற்காது. போல்ட்டின் வாஷர் ஒருமுறை நசுங்கி அடைப்பதற்கென்றே செய்யப்பட்டது. சில ரூபாய்க்குப் புதியது போடச் சொல்லிக் கேளுங்கள். ஆயிலை மாற்றி ஃபில்டரை விட்டுவிடுவது அரை வேலை: ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் காயக்கூடாதே என்று அதற்குள் ஒரு மாற்றுவழி வால்வு வைத்திருக்கிறார்கள், அது திறந்துகொண்டால் வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குகளுக்குப் போகும். புது ஆயிலை மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, இன்ஜினை ஓட்டி, ஆயில் விளக்கு அணைந்ததும் நிறுத்தி, மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். புது ஃபில்டர் கொஞ்சம் குடித்திருக்கும். உள்ளே ஊற்றிக் கழுவும் ஃப்ளஷ் திரவங்களை சர்வீஸ் பில்லில் சேர்க்கப் பார்ப்பார்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றிய இன்ஜினில் கழுவ எதுவும் இருக்காது. வேண்டாம் என்று சொல்லலாம்.

கேனை எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள், காலிக் கேனின் லேபிளைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். நல்ல பெயருள்ள காலிக் கேன்கள் போலி ஆயிலோடு சந்தைக்குத் திரும்பி வருகின்றன. வடித்த ஆயிலுக்கும் நம் ஊரில் வேலை உண்டு. சென்ட்ரிங் பலகையில் பூசுவார்கள், கரையான் வராமல் மரத்தில் தடவுவார்கள், மீதியைச் சாக்கடையில் விடுவார்கள். ஒரு காரின் ஒருமுறை ஆயிலே பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிகள்படி அது அபாயகரமான கழிவு. அதைச் சுத்திகரித்து மீண்டும் எண்ணெயாக்கும் பொறுப்பை 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்பவர்கள்மீதே வைத்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் தாங்களே மாற்றிக்கொள்கிறவர்கள் அதைக் கேனில் அடைத்து, தண்ணீரோ பிரேக் ஆயிலோ கலக்காமல், பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்து வைக்கும் சர்வீஸ் சென்டரிலோ பட்டறையிலோ கொடுத்துவிடலாம். பெரும்பாலான இடங்களில் மறுக்க மாட்டார்கள். அந்த டிரம்மை எடுத்துப்போக வருகிறவர் லிட்டர் கணக்கில் காசு கொடுத்துத்தான் எடுத்துப்போகிறார்.